ஏன் அக்கா திறந்த பெட்டி

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் ஏன் அக்கா. எதைச் சொன்னாலும் முதலில் "ஏன்?" என்பதால் நாங்கள் வைத்த பெயர். குக்கர் ஏன் முனகுகிறது என்று பார்க்க அதையும் கழற்றிப் போட்டவர். "எங்க வீட்ல எந்தப் பொருளுக்கும் மூடி கிடையாது" என்று அவர் வீட்டுக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

பார்வையற்றவர்கள் கேட்பதற்காக நாவல்களைப் பதிவு செய்கிறோம். எங்களுக்குப் படித்துக் கொடுத்தவர் வாசிப்பு ஐயா. கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டுத் தொண்டை ஆபரேஷனுக்குப் போனார். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. அந்த அத்தியாயம் ஒரே ஒரு டிஸ்கில்தான் இருந்தது. நகலெடுக்கப் போனால் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் பாதியில் திணறி, டிஸ்க் பதில் தரவில்லை என்று வரிவரியாகக் கொட்டியது.

"டிஸ்க் மண்டையப் போட்டுடுச்சுக்கா. இல்லன்னா டிரைவர் கோளாறு" என்றேன்.

டிஸ்கோடு பேசும் அந்த டிரைவர் மென்பொருளை அக்கா மாற்றிப் பார்த்தார். அதே பல்லவி.

"ஆரம்பத்துல ஒழுங்காப் படிக்குது. கம்ப்யூட்டர் பெட்டி சூடானப்புறம் ஏன் மக்கர் பண்ணுது?"

டிஸ்கைச் சோதித்தார். பழுதே இல்லை. கேபிள் வழியே வரும்போது சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"சொல்றவனும் நல்லாருக்கான், கேக்கறவனும் நல்லாருக்கான். நடுவுல யாரு கெடுக்கறா?" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"நோண்டி இருக்கறதையும் கெடுத்துடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

டிஸ்குக்குப் பின்னால், மைக்குக்கு மாட்டும் ஸ்பாஞ்ச் ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. அது கேபிளை நெம்பிக்கொண்டிருந்தது. சூடேறியதும் பிடி இன்னும் தளர்ந்துவிடும். ஸ்பாஞ்சை எடுத்து, வேறு கேபிள் மாட்டியதும் நகல் மளமளவென்று முடிந்தது. ஆனால் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இத யாரு வெச்சா? ஏன்?"

ஐயாவும் அவர் மனைவியும் வந்ததும் கடைசி அத்தியாயத்தைப் போட்டோம். நடுவில் வாசிப்பு சட்டென்று நின்றது. பதிவு நடந்த அன்று நான் டீ குடிக்கப் போயிருந்த நேரம் போல.

"சே! இந்தச் சனியன் ஏன்தான் இப்படி ரீங்காரம் போடுதோ! மனுஷன் எப்படிப் படிக்கிறது?" பெட்டி திறக்கும் சத்தம். எதையோ திணிக்கும் சத்தம். "இப்பக் கத்து, பாக்கலாம்."

அக்கா திரும்பி ஐயாவைப் பார்த்தார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின, சிரிப்புச் சத்தம் மட்டும் வரவில்லை.

"இந்த எடத்த வெட்டிடறேம்மா" என்றேன்.

ஐயாவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டு. தூக்கிப் போட்டுடாதப்பா. கதைய எல்லாருக்கும் குடு, அந்தத் திட்ட எனக்குக் குடு. அவர் திட்டிக் கேட்டு எவ்ளோ நாளாச்சு!"

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினார்.