வாசலில் கிடந்த செருப்புகள்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் நிறையச் செருப்புக் கிடந்தால், புலிகளின் கூட்டம் என்று யாராவது பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால் மாதக் கடைசி ஞாயிறுகளில் எங்கள் ஃபிளாட்டில் கூடி, தமிழிலும் சிங்களத்திலும் கவிதை வாசித்த நண்பர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். எல்லாவற்றையும் குளியலறையில் ஒளித்துவைப்பேன். கவிதை கேட்கிறதுக்கும் களவாக வரவேணுமா என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு, தோழி பரீனா வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கீழ்வீட்டுச் சிங்கள ரீச்சர். படியில் கண்டாலும் சிரிக்காத மனுசி.

"இவ்வளவு குரல் கேட்குது, வாசலில ஒரு செருப்பும் இல்லையே?" என்றார் சிங்களத்தில்.

"கவிதை வாசிக்கிறம், ரீச்சர்," என்றேன்.

"அது தெரியும். என்னை ஏன் கூப்பிடேல்லை?"

செருப்பை வாசலில் கழற்றினார். நான் குனிந்து எடுக்கப் போனேன்.

"விடுங்கோ. அங்கேயே கிடக்கட்டும். ஆரும் கேட்டால் நான் பதில் சொல்லுறன்."

நான் குளியலறைக்கு ஓடிப்போய், எல்லாச் செருப்பையும் அள்ளிவந்து அவருடையதற்குப் பக்கத்தில் போட்டேன்.

அடுத்த மாதம் பொலிஸ் வந்தது. ரீச்சர்தான் எழும்பிப் போனார்.

"கவிதை வாசிக்கிறம். சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வாங்கோ, இருந்து கேளுங்கோ."

அவர்கள் வரவில்லை. எங்கள் செருப்புகளை மிதித்துவிடாமல், சுவரோரமாக நடந்து படியிறங்கிப் போனார்கள்.

போர் அதற்குப் பிறகும் முடியவில்லைதான். ஆனால் அந்த வாசல் எங்களுடையதாகிவிட்டது.