புங்கமரத்துக்கு ஒரு கேபிள் கனெக்‌ஷன்

போன சனிக்கிழமை காலை எங்கள் தெருவுக்கு ஒரு லாரி வந்தது. கயிறு, கோடாரி, நீளமான ரம்பம், நாலைந்து ஆட்கள்... கூடவே காக்கிச் சட்டையில் ஒரு கார்ப்பரேஷன் மேஸ்திரி. லாரி நேராகப் புங்கமரத்தடியில் போய் நின்றது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கார் உள்ளே வந்தால், எதிரே வரும் ஸ்கூட்டர் யார் வீட்டுக் கேட்டிலாவது ஒதுங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அகலம். இரண்டு வீட்டுக் காம்பவுண்டுகள் சந்திக்கிற இடத்தில் ஒரே ஒரு புங்கமரம். அதன் கீழே கஸ்தூரியின் இஸ்திரி வண்டி.

மேஸ்திரியின் பெயர் மஞ்சுநாத். மே மாதம் பிறந்தால் வந்துவிடுவார். மழைக் காற்றில் கிளைகள் கரண்ட் கம்பியில் உரசும், பட்டென்று ஒரு சத்தம், தெருவே இருட்டாகிவிடும். அதனால் மழைக்கு முன்னால் மரத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அடியோடு எடுத்துவிடலாம் என்றுதான் வருவார். ஒவ்வொரு வருஷமும் நாலு கிளையைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

ஏன்? எங்கள் தெருக்காரர்களின் இயற்கைப் பற்றா? அதெல்லாம் இல்லை. டி.வி. சீரியல்.

கேபிள் டி.வி. வந்த நாளிலிருந்து கேபிள்கார அந்தோணிக்கு இந்த மரம்தான் கம்பம். மெயின் ஒயர் மரத்தின் கவட்டையில் ஏறும். அங்கிருந்து பிரிந்து பிரிந்து ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்குள்ளும் நுழையும். பெங்களூரில் பாதி மரங்களுக்கு இந்த உத்தியோகம் உண்டு. மரத்தில் கோடாரி பட்டால் மாமியார் மருமகள் சண்டை பாதியில் நின்றுபோகும் இல்லையா? அதனால் லாரியைக் கண்டதும் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிடும். "ஒயரு மேல கைய வெச்சிப் பாருங்க" என்று என் மனைவியே மஞ்சுநாத்திடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னிடம்கூட அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

இந்த வருஷம் நிலைமை வேறு.

எங்கள் மாடியில் செந்தில் குடிவந்திருக்கிறார். சேலத்துக்காரர், சாஃப்ட்வேர். அந்தோணியின் கேபிளிலேயே இப்போது இன்டர்நெட்டும் வருகிறது. காற்றடித்தால் மரம் ஆடும். மரம் ஆடினால் ஒயர் இழுபடும். ஒயர் இழுபட்டால் செந்திலின் வேலை நட்டாற்றில் நிற்கும். அவரும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு கொஞ்சம் பொறுமையில்லாமலும் சொன்னார். கடைசியில் அந்தோணி இரும்புக் கம்பங்கள் நட்டு, மரத்திலிருந்த ஒயர்கள் எல்லாவற்றையும் கம்பத்துக்கு மாற்றிவிட்டார். டி.வி.யும் தெளிந்தது, இன்டர்நெட்டும் தெளிந்தது.

மரத்தைப் பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஒயர் அறுத்த தழும்புகள் மட்டும் பட்டையில் வளையம் வளையமாகத் தெரிந்தன. "மரத்துக்கு விடுதலை கெடச்சிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு இந்த வாரம் எழுத விஷயம் கெடச்சிடுச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்த விடுதலைக்குப் பின்னால்தான் இந்த லாரி.

யாரும் வெளியே வரவில்லை. எதற்கு வர வேண்டும்? எல்லார் வீட்டிலும் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வராந்தாவில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி மட்டும் மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணா, எப்பவும் போல கிளய மட்டும் கழிச்சிட்டுப் போங்கண்ணா. மரத்தையே இன்னாத்துக்கு எடுக்கறது?"

"ஏன் மாடோதம்மா", என்ன செய்வது என்று மஞ்சுநாத் கன்னடத்தில் கையை விரித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். "ஆர்டர் இருக்கு. வருஷா வருஷம் வர்றதுக்கு ஒரே டைம்ல முடிச்சிடலாம். நம்ம கைல என்ன இருக்கு?"

கஸ்தூரி வண்டிக்குத் திரும்பினாள்.

அவள் பக்கத்து நீலசந்திராவிலிருந்து தினமும் நடந்து வருகிறாள். கணவர் இல்லை. மகள் பி.யு.சி. படிக்கிறாள். எங்கள் தெருவில் வேறு எங்கே வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஒருவருடைய கேட் மறையும், உடனே ஒரு சண்டை வரும். மரத்தடி ஒன்றுதான் யாருக்கும் சொந்தமில்லாத இடம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அவள் நாளெல்லாம் கையில் பிடித்திருப்பது தணல் நிரம்பிய இஸ்திரிப் பெட்டி. தலைக்கு மேல் மே மாத வெயிலும் சேர்ந்துகொண்டால் எந்த உடம்பு தாங்கும்? மரம் போனால் அவள் பிழைப்பும் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆர்டர் இருக்கிறதே, நாம் என்ன செய்ய முடியும் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஒரு ஆள் கயிற்றோடு மரத்தில் ஏறினான். கஸ்தூரி பெட்டியிலிருந்த தணலை ஒரு தகரத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்தாள். பிறகு துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

எங்கள் தெருவில் சனிக்கிழமைதான் இஸ்திரிக்குப் போடுகிற நாள். ஆபீஸ் சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் அந்தந்த வீட்டு பெட்ஷீட்டில் மூட்டையாகக் காலையிலேயே வண்டிக்குப் போய்விடும். ஞாயிறு சாயங்காலம் மடிப்புக் கலையாமல் வீடு தேடி வரும். அந்த மூட்டைகள்தான் சனிக்கிழமை காலையிலேயே திரும்ப வந்தன.

முதலில் எங்கள் வீடு.

"இந்தாங்க சார். அம்மாவோட காட்டன் பொடவ மட்டும் போட்டாச்சு. மத்ததெல்லாம் அப்படியே இருக்குது."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"மரத்த எடுக்கறாங்க இல்ல சார். இனிமே நான் எங்க நின்னு போடறது? வேற ஆளு பாத்துக்குங்க."

குரலில் கோபமும் இல்லை, மிரட்டலும் இல்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் மூட்டையை வாங்கக் கை நீளவில்லை. வெட்கமாக இருந்தது. மூட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பிறகு எதிர் வீடு. பிறகு மாடியில் செந்தில்.

கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வாசல் ஒருவர், கையில் ஆளுக்கொரு மூட்டை. மூட்டையைப் பார்க்கிறார்கள், மரத்தைப் பார்க்கிறார்கள். அப்போது முதல் கிளை மடமடவென்று முறிந்து தெருவில் விழுந்தது. அதன் இடத்திலிருந்து வெயில் நேராக இஸ்திரி வண்டியின் மேல் இறங்கியது. அதற்குப் பிறகு யாராலும் வாசலில் நிற்க முடியவில்லை. இறங்கி மரத்தடிக்குப் போய்விட்டோம்.

என் மனைவிதான் முதலில் கேட்டாள். "ஏங்க, யாரக் கேட்டு வெட்டறீங்க?"

மஞ்சுநாத் நிஜமாகவே குழம்பிப் போனார். "அம்மா, வருஷா வருஷம் ஒயருக்காக நீங்கதான் சண்ட போடுவீங்க. இந்த வாட்டி வந்து பாக்கறேன்... மரத்துல ஒயரே இல்ல. சரி, இது யாருக்கும் வேணாம் போல இருக்குன்னு நெனச்சேன்."

அவர் நினைத்ததில் என்ன தப்பு?

செந்தில் சட்டை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒயரை மாற்றச் சொன்னவர் அவர்தானே. மெதுவாகக் கேட்டார். "சார், ஒயர் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒயர் இருந்தா கேபிள்காரரு வந்து எடுத்துக் குடுக்கணும். அவரு எங்க வர்றாரு? கம்பில படற கிளய மட்டும் வெட்டிட்டு, ஒயர் இருக்குதுன்னு மேல சொல்லிடுவோம்."

செந்தில் மொபைலை எடுத்தார். "அந்தோணி அண்ணா, நம்ம தெருவுக்குக் கொஞ்சம் வர முடியுமா? ஆமா, இப்பவே. ஒயரோட."

மஞ்சுநாத் பக்கத்திலேயே நின்று முழுவதையும் கேட்டார். பிறகு ஆட்களைக் கீழே இறங்கச் சொன்னார். "பசங்க காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல. டீ சாப்ட்டு வர்றோம்" என்று முனைக் கடைக்கு நடந்தார். ஒரு மேஸ்திரி இத்தனை நிதானமாக டீ குடித்து நான் பார்த்ததில்லை.

அந்தோணி ஸ்கூட்டரில் வந்தார். தோளில் பழைய கறுப்பு ஒயர்ச் சுருள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு மரமேறினார். கம்பத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து எங்கள் மொட்டை மாடிக் குழாய்க்கு ஒரு ஒயர். கட்டியதோடு சரி, இரண்டு முனையும் எந்த கனெக்‌ஷனிலும் சேரவில்லை; அதில் படமும் வராது, இன்டர்நெட்டும் வராது. ஆனால் இந்த முறை அவர் அதை இறுக்கிக் கட்டவில்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைப் பட்டைக்கும் ஒயருக்கும் நடுவில் கொடுத்து, மரம் பருக்க இடம் விட்டுத் தளர்வாக ஒரு வளையம் போட்டார்.

"அப்ப அவசரத்துல இறுக்கிட்டேன் சார். பாவம், பட்டயெல்லாம் அறுத்து வெச்சிருக்குது" என்றார் இறங்கும்போது.

டீ குடித்துவிட்டு வந்த மஞ்சுநாத் அண்ணாந்து பார்த்தார். "அரே... ஒயர் இதெயல்லா" என்றார். ஒயர் இருக்கிறதே என்று அவருக்கு அப்படி ஒரு ஆச்சரியம். கம்பியில் உரசுகிற கிளைகள் மட்டும் வெட்டுப்பட்டன. லாரி போயிற்று. மூட்டைகள் ஒவ்வொன்றாக வண்டிக்குத் திரும்பின. எங்கள் வீட்டு மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

நம் ஊரில் இப்போது கருத்தரங்குகளுக்குக் குறைச்சலில்லை. மனிதனும் தொழில்நுட்பமும் இயற்கையும் கைகோத்து நடக்கப்போகிற எதிர்காலம் பற்றி ஏ.சி. ஹாலில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்கள். நானும் போய்த் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் மரத்தின் மேல் அன்பு என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வெளியே வரவில்லையே... நான் உள்பட. முதலில் சீரியலுக்காக வந்தோம், பிறகு சட்டைக்காக வந்தோம்.

ஒயர் கம்பத்தில், மரம் மண்ணில், மனிதர்கள் வீட்டுக்குள் என்று எல்லாம் ஒழுங்காகப் பிரிந்திருந்தபோதுதான் மரம் அனாதையாகிவிட்டது. சேர்ந்து வாழ்வது என்றால் ஒன்றை இழுத்தால் இன்னொன்றுக்கு வலிக்க வேண்டும் போலிருக்கிறது. இறுக்கினால் பட்டை அறுகிறது, அவிழ்த்தால் கோடாரி வருகிறது. நடுவில் ஒரு டியூப் துண்டு அளவுக்கு இடம் விட்டுச் சேர்ந்திருக்க முடிந்தால் போதும் என்று தோன்றுகிறது. உதவாத ஒயரைக் காட்டித்தான் ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தோடுதான் தினமும் அதன் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன்.

நேற்று வேறொரு இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒருவர் தெருவைப் பார்வையிட வந்தார். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், மரத்தடியில் நின்றுவிட்டார்.

"அக்கா, இது யாரோட கனெக்‌ஷன்? எங்கயும் சேரவே இல்லையே... இதுல என்னதான் வருது?"

கஸ்தூரி பெட்டியை நிறுத்தாமல் சொன்னாள்: "நெழலு வருது."