எழும்பாமல் இருந்த மெம்பர்

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் கொட்டாவி வருகிறது. வயதாகிவிட்டதால் அல்ல, அப்போதே அப்படித்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில், ஆண் பெண் பார்க்காமல் எல்லாருக்கும் வாக்கு என்று வந்த புதிதில், பேசாலை முழுவதற்கும் பத்திரிகை வாசித்துச் சொன்னவன் நான். கத்தோலிக்கக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இங்கிலிஷ் தெரியும். அதுதான் நான் செய்த பாவம். கொழும்புப் பத்திரிகை தலைமன்னார் ரயிலில் வரும். பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள், "மாஸ்டர், எங்கட மெம்பர் என்னவாம்?" என்று வழியில் நாலு பேர் மறிப்பார்கள்.

எங்கள் மெம்பர், கொழும்பு அரசாங்க சபைக்கு நாங்கள் அனுப்பியவர், ஒரு சட்டத்தரணி. கறுப்புக் கோட்டும் நல்ல குரலும் உள்ள மனிதர். மேடையில் ஏறினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவர்களான விதானைமார் வேண்டுமா வேண்டாமா என்று நாடே அடிபட்டுக்கொண்டிருந்த நேரம், மன்னார்ப் பட்டினத்துக் கூட்டத்தில் அந்த உத்தியோகத்தையே ஒழிக்க வேண்டும் என்று முழங்கினார். கொஞ்ச நாளில் ஒரு விதானையார் வீட்டில் கோழிக்கறியோடு சாப்பிட்டுவிட்டு, விதானைமார் இல்லாவிட்டால் ஊர் குட்டிச்சுவராகிவிடும் என்றார். இரண்டையும் நானே காதால் கேட்டேன். இரண்டுக்கும் கைதட்டியவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான்.

அரசாங்க சபையில் வாக்கெடுத்தால், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் பெயர்களைப் போடுவார்கள். அந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு சின்னப் பந்தி இருக்கும். சபையில் இருந்தும் எந்தப் பக்கமும் வாக்களிக்காதவர்களின் பெயர்கள் அதில் வரும். எங்கள் மெம்பரைத் தேட நான் மேல் பந்திகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். விதானைமார் விஷயத்திலும் மூன்றாவது பந்தி. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமை விஷயத்திலும் அதே. பள்ளிக்கூடங்களில் எந்தப் பாஷையில் படிப்பிப்பது என்றபோதும் அதே. முள்ளிக்குளத்துக்கு நல்ல ரோட்டுப் போட வேண்டும் என்று நீளமாகப் பேசிவிட்டு, வாக்கெடுக்கிற நேரம் ஆளே இல்லை. நான் வாசிப்பேன், சனம் கேட்கும், பிறகு காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கப் போய்விடும். உப்புப் பிரச்சினை வரும் வரைக்கும் இது எவரையும் உறுத்தவில்லை.

என் அக்கா கருவாடு போட்டுப் பிழைத்தாள். புருஷன் கடலோடு போன பிறகு வேறு வழி இருக்கவில்லை. கடற்கரையில் பனையோலை வேய்ந்த சின்ன வாடி ஒன்று, மீன் ஊறப்போடப் பீப்பா ஒன்று, காயவிடக் கொஞ்சம் பாய்கள், அவ்வளவுதான் அவளுடைய சொத்து. மீனுக்கு உப்பு வேண்டும். உப்போ அரசாங்கத்தின் சாமான். பட்டினத்தில் உள்ள உப்புக் கந்தோருக்குப் போய்க் காத்துக்கிடந்து வாங்க வேண்டும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் ஊருக்குப் பின்னால் உள்ள தரவை என்ற வெட்டவெளியில் தண்ணீர் வற்றி, உப்பு தானாக விளைந்து வெள்ளையாகக் கிடக்கும். அதைச் சிரட்டையால் வழித்துப் பெட்டியில் அள்ளுவது குற்றம். கடவுள் தந்ததை அள்ள ஆரிட்டக் கேக்க வேணும் என்பது ஊர்ப் பெண்களின் வாதம். உப்புக் காவல்காரன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அக்கா ஒருமுறை பிடிபட்டுக் குற்றப்பணம் கட்டியிருந்தாள்.

அப்போதுதான் புதுச் சட்டம் ஒன்று சபைக்கு வந்தது. இரண்டாம் முறை பிடிபட்டால் குற்றப்பணம் இல்லை, மறியல், சிறைக்கூடம்தான். அதை நான் வாடியில் வாசித்தபோது அக்கா கையில் இருந்த மீனை வெட்டாமல் வைத்துவிட்டாள்.

"எங்கட மெம்பர் விடமாட்டார்" என்றாள்.

நான் பத்திரிகையை மடித்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

முதல் வாக்கெடுப்பு நடந்தது. சட்டம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு கடைசி வாக்கெடுப்பு பாக்கி. மெம்பரின் பெயர் எங்கே இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. வாடியில் அக்காவும், பக்கத்து வாடிப் பெண்களும், கோயில் மூப்பரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூப்பர்தான் ஊரில் பங்குச் சுவாமியாருக்கு அடுத்த ஆள்.

"ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. இருந்த இடத்திலயே பேசாமல் இருந்திட்டார்" என்றேன்.

"எழும்பேல்லயோ?" என்று மூப்பர் கேட்டார்.

"எழும்பேல்ல."

மூப்பரின் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பொது விஷயமும் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயிலுக்குப் பின்னால் உள்ள மணலில்தான் முடிவாகும். யாருடைய கரைவலை முதலில் இறங்குவது, திருநாளுக்கு எந்த வாத்தியக்காரரைக் கூப்பிடுவது, எல்லாம் அங்கேதான். சனம் மணலில் குந்தி இருக்கும். மூப்பர் விஷயத்தைச் சொல்லுவார். சம்மதமானவன் எழும்பி நிற்பான். எதிர்க்கிறவன் அசையாமல் இருப்பான். மூன்றாவது வழி கிடையாது. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எழும்பி நிற்க, ஒருவன் மட்டும் வலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரின் கண்ணுக்கு முன்னால் மணலில் இருப்பதற்கு உண்மையிலேயே துணிச்சல் வேண்டும். முழங்கால் வாதம் பிடித்த கிழவர் ஒருவர் எழும்ப முடியாமல் பல வருஷம் எல்லாவற்றையும் எதிர்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் இரண்டு பேர் அவரைத் தூக்கிவிடுவது என்று ஏற்பாடானது.

ஆகவே எங்கள் மெம்பர் வெள்ளைக்காரத் துரைமாருக்கு முன்னால் எழும்பாமல் இருந்துவிட்டார். ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் விளக்கினேன். அங்கே கணக்கு வேறு, எதிர்க்கிறவன் எதிர்க்கிறேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், இருப்பவனை ஒரு பக்கத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு வாடியாகப் போய்ச் சொன்னேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"அதென்ன மாஸ்டர் விசர்க் கதை? ஒரு பக்கமும் சேராதவனை ஆர் கொழும்புக்கு அனுப்புவான்?" என்றார் மூப்பர்.

மெம்பருக்கு வரவேற்பு வைப்பது என்று மணலில் முடிவானது. நானும் சலித்துப்போய் எழும்பி நின்றேன். பனங்குருத்தால் தோரணம், ஸ்டேசனிலிருந்து கோயில்வரை கொடிகள், பெண்கள் தங்கள் நல்ல சேலைகளை நிலத்தில் விரித்தார்கள். அக்கா தன் கலியாணச் சேலையைக் கொண்டுவந்து விரித்தாள். மெம்பர் ரயிலிலிருந்து இறங்கி, இத்தனை தடபுடல் எதற்கென்று விளங்காமல் சிரித்தபடியே நடந்துவந்தார்.

மூப்பர் பேசினார். எத்தனையோ பேர் எழும்பி நிற்க, எங்கள் ஐயா ஒருவர் மட்டும் இருந்தார் என்றார். சனம் கைதட்டியது. மெம்பரின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குழப்பம். பிறகு மெதுவாக விளங்கியது. விளங்கிய பிறகு அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"என்ர சனமே, உங்களை நினைச்சுத்தான் நான் எழும்பேல்ல" என்றார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள். ஆண்கள் மத்தியில் வாய் திறக்காத பெண். "ஐயா, கடைசி வாக்கு இன்னும் இருக்காம். அதிலயும் எழும்பாமல் இருப்பீங்களோ?"

"ஓம் அம்மா, கட்டாயம் இருப்பன்" என்றார் மெம்பர்.

வழியனுப்ப ஸ்டேசனுக்குப் போனபோது நான் அவரைத் தனியே பிடித்தேன். "ஐயா, இருக்கிறது காணாது. எதிர்த்து வாக்குப் போடுங்கோ. என்ர அக்கா மறியலுக்குப் போயிடுவா" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். "மாஸ்டர், சனம் சந்தோஷமா இருக்குது. நீங்கள் ஏன் குழப்புறீங்கள்?" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அந்தக் கை பட்ட இடத்தைத் துடைக்க வேண்டும்போல இருந்தது.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசி வாக்கெடுப்பிலும் எழும்பாமல் இருந்தார். சட்டம் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. நான் வாசித்தேன். யாரும் நம்பவில்லை. பத்திரிகைக்காரன் பிழையாகப் போட்டிருப்பான் என்றார் மூப்பர்.

அந்த வருஷச் சோளகத்தில் அக்கா தரவையில் பிடிபட்டாள். போகாதே என்று நான் கெஞ்சியிருந்தேன். "மெம்பர் இருந்தவரெல்லோ?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மன்னார் நீதிமன்றத்தில் நீதவான், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று, "எங்கட மெம்பர் எழும்பேல்ல ஐயா. பிறகெப்பிடி இந்தச் சட்டம் வந்தது?" என்றாள். நீதவான் தன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஒன்றும் இல்லையாம்" என்று இங்கிலிஷில் சொன்னார்.

அவள் யாழ்ப்பாணத்தில் மறியலில் இருந்த காலத்தில் அவளுடைய மீனை நான்தான் காயப்போட்டேன். ஒரு மழையில் பாதிக்கு மேல் புழுத்துவிட்டது. திரும்பி வந்தவள் வாடியைப் பார்த்தாள், பீப்பாவைப் பார்த்தாள், என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து பத்திரிகை வாசிக்கச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அடுத்த தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம். மெம்பருக்குச் சிவப்பு, எதிர்த்து நின்றவருக்கு நீலம். மறைப்புக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் இருக்கும், விரும்பிய நிறத்தில் சீட்டைப் போட வேண்டும், எழுத்துத் தெரியத் தேவையில்லை. எங்கள் பள்ளிக்கூடமே வாக்குச் சாவடி. வாத்தியார்மாரைத்தான் அங்கே வேலைக்குப் போடுவார்கள். சீட்டுக் கொடுக்கும் மேசையில் நான் இருந்தேன்.

அக்கா வந்தாள். துவைத்த சேலை, தலையில் முக்காடு. என்னிடம் சீட்டை வாங்கினாள். மறைப்புப் பக்கம் போகவில்லை. அறையின் நடுவில், எல்லாருக்கும் தெரிய, நிலத்தில் குந்தி இருந்துவிட்டாள்.

பின்னால் வந்த சனம் அப்படியே நின்றுவிட்டது. சாவடிக்குப் பொறுப்பான அதிகாரி வெளியூர்க்காரர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மாவுக்குத் தலைச்சுற்றோ? தண்ணி குடுங்கோ" என்றார்.

"எனக்கு ஒண்டுமில்லை. நான் இருக்கிறன். எழுதுங்கோ" என்றாள் அக்கா.

"எதை எழுதுறது? ஒண்டில் சிவப்பு, இல்லாட்டி நீலம். எழும்புங்கோ அம்மா."

"எழும்பமாட்டன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கதிரையை விட்டு எழும்பிப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினேன். அவள் சீட்டை என் கையில் வைத்தாள். அது வியர்வையில் நனைந்திருந்தது. கழிவுச் சீட்டுகளுக்கென்று ஒரு உறை இருந்தது. அதற்குள் போடச் சொன்னார் அதிகாரி. போட்டேன்.

மெம்பர் மறுபடியும் வென்றார். எங்கள் ஊரில்தான் அவருக்கு அதிக வாக்கு என்று சொல்லிக்கொண்டார்கள்.

சாவடி மூடிய பிறகு அக்காவும் நானும் கடற்கரை வழியாக வாடிக்கு நடந்தோம். பாய்களைச் சுருட்டத் தொடங்கியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"தம்பி, நான் இருந்தனான் எண்டு பேப்பரில வருமோ?"

"வராது அக்கா."

"ஏன்? அவர் இருந்தது வந்ததெல்லோ?" என்று கேட்டாள்.