தள்ளி வைத்த பக்கெட்

மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்க வேண்டும். திண்டிவனத்தைச் சுற்றி இது எல்லோருக்கும் தெரியும். தோல் நெகிழும், உள்ளே பருப்பு பிளக்காது. அஞ்சம்மாள் தெளிப்பதைப் பார்க்க வேண்டும். பக்கெட்டில் கையை விட்டு, விரல்களை விரித்து ஒரே உதறு. குவியலில் ஒவ்வொரு காய்க்கும் அதன் பங்கு போய்ச் சேர்ந்துவிடும்.

மரக்காணம் பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் அவள் ஊர். புருஷன் செத்த பிறகு வியாபாரி ஒருவரின் களத்தில் கூலிக்கு உடைத்தாள். அங்கே மேஸ்திரிக்கு வாயும் சரியில்லை, கையும் சரியில்லை. 2010இல் ஊர்க்கோடியில் ஒரு கொட்டகையும் உடைக்கிற மிஷினும் வந்தபோது அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: திரும்ப அந்தக் களத்துக்குப் போகக்கூடாது. அவளுடைய மகளிர் குழுவில் இருந்த மற்ற இருபத்தோரு பெண்களுக்கும் அதேதான்.

மூன்று பேர் சேர்ந்து கொண்டுவந்த திட்டம். மிஷின் அரசாங்கத்தினுடையது. கொட்டகையையும் குழுவையும் கவனித்தது ஒரு தொண்டு நிறுவனம்; அங்கே கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பருப்பை வாங்கி மிட்டாய் செய்வது சென்னைக் கம்பெனி. போர்டில் யார் பேர் முதலில் வருவது என்பதற்கே மூன்று கூட்டம் நடந்தது. பெயிண்டர் இரண்டு தடவை அழித்து எழுதினார். குழுவின் பெயருக்கு இடம் மிஞ்சவில்லை.

"பரவால்ல சார், எங்க பேரு எங்களுக்கு ஞாபகம் இருக்குது" என்றாள் அஞ்சம்மாள்.

திறப்பு விழா அன்று மிஷினுக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "அந்த பக்கெட்ட கொஞ்சம் தள்ளி வைங்கம்மா, படத்துல நல்லா இல்ல" என்றார் போட்டோகிராபர். அது எதற்கு அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் தரம் பார்க்கிற காயத்ரி வந்தார். "ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. ஈரம் இருந்தா பூஞ்சை பிடிக்கும், அது விஷம்." அவர் சொன்னது சரி. பெண்கள் தண்ணீர் தெளிக்காமலே மிஷினில் போட்டார்கள். பாதி பருப்பு பிளந்துகொண்டு வந்தது. அதற்கடுத்த வாரம் கொள்முதல் பார்க்கிற சுதாகர் வந்து சல்லடையை ஆட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ரவையா? முழுசா இருந்தாதான் எடுப்பேன்." அவர் சொன்னதும் சரிதான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஆபீஸ்.

தொண்டு நிறுவனத்தின் செயலாளர் தெய்வசிகாமணியிடம் அஞ்சம்மாள் போனாள். "அந்தம்மா தண்ணி ஆவாதுன்றாங்க, இந்த சாரு உடையக்கூடாதுன்றாரு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல ஒக்கார வைங்க சார். நான் உடைச்சிக் காட்டறேன்."

"பாத்துக்கலாம்மா."

கெட்ட மனிதர் இல்லை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து வங்கிக்கும் அவர்களுக்கும் நடுவே அலைந்தவர். ஆளுக்கொரு மாதிரி தலையாட்டியே எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்திருந்தார். எவராவது உண்மையைப் பேசினால் நாற்காலி காலியாகிவிடும் என்று பயம்.

விழுப்புரத்தில் ஆய்வுக் கூட்டம். அஞ்சம்மாள் முந்தானையில் இரண்டு முடிச்சு போட்டு வந்திருந்தாள். ஒன்றில் தெளிக்காமல் உடைத்த பருப்பு, இன்னொன்றில் தெளித்து உடைத்தது. மேஜைமேல் கொட்டிக் காட்டத்தான். வாசலிலேயே தெய்வசிகாமணி மறித்தார்.

"இன்னிக்கு வேணாம் அஞ்சம்மா. ரெண்டாவது வருஷ நிதி இன்னிக்குதான் முடிவாவுது. கம்பெனிக்காரங்க கோச்சிக்கினு போயிட்டா உங்க கொட்டாதான் போவும்."

உள்ளே ஒரு அதிகாரி கேட்டார், "குழுவுக்கு ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?" அவள் முடிச்சைப் பிடித்தபடி எழுந்தாள். தெய்வசிகாமணியைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க."

'இடர்ப்பாடுகள் எதுவும் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் முடிச்சை அவிழ்த்துப் பெண்களுக்குப் பங்கு வைத்தாள். "இந்தா, துன்னு. சாட்சி சொல்ல வந்துச்சி, வாய தொறக்கல."

மறுநாள் பக்கெட் நிரம்பியது. தெளித்து உடைத்தாலும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்தால் ஈரம் போய்விடும் என்பது அவள் கணக்கு. ஐப்பசி மாதம். வெயில் வரவில்லை, லாரி வந்துவிட்டது. "ஜல்தி ஏத்துங்க, ஆர்டர் நிக்குது" என்று சுதாகர் போனிலேயே விரட்டினார். ஏற்றினார்கள். அந்த லோடு முழுக்கப் பூஞ்சை என்று திரும்பி வந்தது.

கொட்டகையில் விசாரணை. மூன்று தரப்பும் அங்கே ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான்.

"தண்ணி தெளிச்சது யாரு?"

தெய்வசிகாமணி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தான்" என்றாள் அஞ்சம்மாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா" என்றார் காயத்ரி.

"சொன்னீங்கம்மா. அவரும்தான் சொன்னாரு."

சுதாகர் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழுவுக்குத் திறன் போதவில்லை என்று மூன்று தரப்பும் ஒருமனதாக முடிவு செய்தது. அவர்களுக்குள் சண்டையில்லாமல் முடிந்த ஒரே தீர்மானம் அது. அதையும் நான்தான் எழுதினேன். கொட்டகையையும் மிஷினையும் நடத்த அனுபவசாலி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். பழைய களத்து வியாபாரிதான். கூடவே மேஸ்திரியும் வந்தான்.

2014இல் கம்பெனி ஒரு புத்தகம் போட்டது. வழவழப்பான தாள், அரசு, தொண்டு, தொழில் கைகோத்த வெற்றிக்கதை. முழுப்பக்கத்தில், திறப்பு விழா அன்று எடுத்த அஞ்சம்மாளின் படம். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். அதே கொட்டகையில், அதே போர்டுக்குக் கீழே, கூலிக்கு உட்கார்ந்திருந்தாள்.

கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். தன் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தில் அவள் காலடியில், சிமென்ட் தரையில், வட்டமாக ஒரு ஈரத்தடம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"பக்கெட்ட எடுத்தாங்க. ஈரத்த எடுக்கல பாரு தம்பி."

"இன்னா அங்க கத?" என்றான் மேஸ்திரி. "காய்க்குத் தண்ணி காட்டு."

புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் பக்கெட்டில் கையை விட்டாள்.