ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாங்க

நியூசிலாந்தில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றும் தமிழர்களுக்கு அம்பத்தூரில் உட்கார்ந்தபடி வழி சொல்வது என் தொழில். அந்த நாட்டின் ஏரி, மலை, பாலம் எல்லாம் எனக்கு அத்துப்படி, பாஸ்போர்ட்தான் இல்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யார் திட்டினாலும் நன்றி சொல்லிச் சம்பளம் வாங்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஆடுகள் முறைத்த கதை

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்து ரிடையர் ஆன ஒரு சார், மனைவியோடு அங்கே போயிருந்தார். சாலை முழுக்க ஆடு. "இன்னாம்மா இது, ஆரன் அட்ச்சா ஒதுங்காம என்னையே மொறைக்குதுங்க!" என்று போனில் கத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னேன். ஆடுகள் அலுத்துப்போய் நகர்ந்தன. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் வெள்ளானூரில் இருப்பதாகச் சொன்னதும், "அட, நம்ம பக்கம்!" என்றார்.

வழக்கம்போல, "ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாங்க சார்" என்று சொல்லி முடித்தேன். கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகம் அது இல்லை. ஆனால் இரண்டு நிமிடம் பேசியவரை வீட்டுக்குக் கூப்பிடாமல் போனை வைக்க எனக்கு வராது. வருவார்களா என்ன? வாய் உபசாரம்தானே.

எங்கள் டீம் லீடர் பிரேம்நாத் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் வேலை பார்ப்பது ஓசூரில், வீட்டில் நானும் ஆறு வயது மகள் யாழினியும் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். "யாரைப் பார்த்தாலும் ஊட்டுக்குக் கூப்புட்றீங்களே மேடம், ஒருநாள் எவனாவது நெசமாவே வந்து நிக்கப் போறான் பாருங்க!"

யாருக்கு மாட்டிய பெல்ட்?

கார் எங்கே போகிறது, எந்த சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். ஆளுக்கு ஒரு சின்ன விளக்கு.

பூந்தமல்லியிலிருந்து போன சரவணன், திவ்யா என்ற இளம் ஜோடி, ஏரிக்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே இருட்டிவிட்டது. இறங்கி ஏரியைப் படம் எடுத்துவிட்டு ஏறியதிலிருந்து, பின் சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று வண்டி விடாமல் கூவுகிறதாம். என் திரையிலும் மூன்று விளக்கு. பின்னால் பை ஏதாவது இருக்கும் என்றேன். ஒன்றுமே இல்லை, பெட்டியெல்லாம் டிக்கியில் என்றார் சரவணன்.

இதற்கு நாங்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: காலி சீட்டானாலும் பெல்ட்டை மாட்டிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும். அவர் பின் கதவைத் திறந்து மாட்டினார். சத்தம் நின்றது. "மாட்டிட்டேன் மேடம்... ஆனா பெல்ட்டு சீட்டுல படியல. முன்னாடி தள்ளியே நிக்குது."

விலாசம் கேட்ட குரல்

மறுநாள் திவ்யா கூப்பிட்டார். கார் ஓடிக்கொண்டிருந்தது, போன் ஸ்பீக்கரில். வண்டியில் ஏதோ சென்சார் கோளாறு, வழியில் உள்ள எங்கள் கிளையில் காட்டலாமா என்று கேட்டார். நாளைக்கு ஏர்போர்ட்டில் வண்டியை ஒப்படைக்கும்போது சொன்னால் போதும் என்றேன். அன்று எனக்கு அடுத்தடுத்து கால். முதல் நாள் பேசியவர்கள் இவர்கள்தான் என்பதே உறைக்கவில்லை. திரையில் மூன்று விளக்கு, மூன்று பெல்ட். பெரியவர்கள் யாரோ கூட இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊருக்கு வந்தா வெள்ளானூருக்கு, வீட்டுக்கு வாங்க" என்றேன். "வெள்ளானூர்ல எங்கம்மா? எனக்கும் அந்தப் பக்கந்தான்" என்றது ஒரு வயதான பெண் குரல். குளிரில் நடுங்குகிற குரல். திவ்யாவின் அம்மாவாக்கும் என்று, "தண்ணி டேங்க் எதிர் சந்து, பச்சைக் கேட்டு வீடும்மா" என்று அடையாளமும் சொன்னேன். திவ்யா மெதுவாகக் கேட்டார்: "மேடம், யார்கிட்ட அட்ரஸ் சொல்றீங்க?"

அணையாத விளக்கு

அவர்கள் வண்டியை ஒப்படைத்தார்கள். முன் சீட்டு விளக்குகள் அணைந்தன. பின் சீட்டு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்தக் கிளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கதவைத் திறந்து துடைத்தே விட்டோம், காரில் யாருமில்லை என்றார்கள். சரவணனும் திவ்யாவும் ஏறிய விமானம் கிளம்பும் நேரம் வந்தது. விளக்கு அணைந்தது.

அதுவும் விமானம் ஏறிவிட்டது, என் வீட்டு அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு. என்னைப் பற்றிக்கூடக் கவலையில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வீட்டில் விளையாடுகிற குழந்தையை நினைத்துத்தான் பயம். எதற்கும் சிரிக்கிற பிரேம்நாத் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு லீவு எடுத்துக்குங்க மேடம். மொதல்ல அந்தக் கேட்டுக்கு வேற கலர் அடிச்சிடுங்க."

நீலக் கேட்

அடித்தேன். பளிச்சென்று நீலம். யாழினியும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தாள்.

அந்த வாரமே ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "யக்கா, பச்சைக் கேட்டு ஊடு எது? ஆவடி ஸ்டேஷன்ல ஒரு அம்மா ஏறினாங்க, தண்ணி டேங்க் எதிர் சந்துன்னாங்க" என்றார் டிரைவர். பின் சீட்டைப் பார்த்தேன். யாருமில்லை. சீட்டு மட்டும், யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி அமுங்கியிருந்தது. "இந்தத் தெருவுல பச்சைக் கேட்டே இல்லப்பா" என்றேன். ஆட்டோவைத் திருப்பப் போனார். அதற்குள் என் பின்னாலிருந்து ஓடி வந்தாள் யாழினி. "அண்ணா, இதுதான்! எங்க கேட்டு பச்சையாத்தான் இருந்துச்சு, அம்மாதான் நீலம் அடிச்சாங்க!"

இப்போதெல்லாம் கம்பெனி வாசகத்தைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில்லை. வீட்டில் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறேன், கூப்பிட்டவள் நான்தானே.