அழைக்காத கூட்டத்துக்குப் பட்டுடுத்திப் போனவர்

தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிப்பவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "அம்மா போயிட்டாக" என்றார் ஞானசுந்தரி அக்காவின் மகன். எந்த அம்மா என்று கேட்டேன். சாவையும் அக்காவையும் சேர்த்து நினைத்துப் பழக்கமில்லை எனக்கு.

போடி கடைவீதியில் பாத்திரம் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பேரம் பேசினால் முறைப்பார்; பேசாமல் திரும்பினால் கூப்பிட்டுக் குறைத்துத் தருவார். நான் சொல்ல வந்தது என் அம்மா இறந்த நாளைப் பற்றி.

அம்மா கிறிஸ்தவர். கோம்பை ஊர்க்காரரான என் அப்பாவை, ஓர் இந்துவை, மணந்ததற்காகச் சபையிலிருந்து நீக்கியிருந்தார்கள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் தன் தகப்பனார் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது அம்மாவின் கடைசி ஆசை. சபைக் கமிட்டிக்காரர்கள் முடியாது என்று சொல்லியனுப்பினார்கள். போடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அம்மாவின் பள்ளித்தோழி, அதே சபைக்காரர். அன்று சாயங்காலம் கமிட்டி கூடுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதில் பெண்கள் கிடையாது. கூப்பிடாமல் யாரும் நுழைவதும் கிடையாது. அவர் கடையோ சபைக் கட்டிடத்தில் வாடகைக்கு இருந்தது. பகைத்துக்கொண்டால் காலி செய்யச் சொல்ல ஒரு வார்த்தை போதும்.

சாயங்காலம்வரை உபவாசம் என்றார் அக்கா. தன் ஜனத்தைக் கொல்ல உத்தரவானபோது பைபிளில் வரும் எஸ்தர் ராணி அப்படித்தான் செய்தாளாம். உபவாசமிருந்து, தலை போகும் என்று தெரிந்தே, ராஜா கூப்பிடாமல் உள்ளே போனாளாம். பூக்கடை மாரியம்மாள் தானும் இருப்பதாகச் சேர்ந்துகொண்டார். மத்தியானம் பார்த்தால் அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். "தண்ணிகூடக் கூடாதாக்கும்? எங்க விரதத்துல பாலு பழம் உண்டே!" என்றார். துக்கத்திலும் அக்கா சிரித்துவிட்டார். "தின்னு ஆத்தா. பழம் தின்னவ ஜெபம்னு ஆண்டவர் தள்ளிர மாட்டாரு."

பொழுது சாயும் நேரம் வீட்டுக்குப் போய்வந்த அக்கா அரக்குச் சிவப்பில் கல்யாணப் பட்டு கட்டியிருந்தார். சாவு வீடே வாயைப் பிளந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"எங்கம்மா பெட்டிக்குள்ள கெடக்காக. உங்களுக்குப் பட்டு கேக்குதா?"

"எஸ்தரும் அழுத கோலத்துல போகலடி. ராணியா உடுத்தித்தான் போனா. பரிதாபமாப் போனா ஆறுதல் சொல்லி அனுப்பிருவாக. உங்கம்மா பிச்சை கேக்கல. அவ இடத்தைக் கேக்கிறா."

கூடவே போனேன். கதவைத் தள்ளிக்கொண்டு அவர் நுழைந்தார். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"உங்களைக் கூப்பிடலையே" என்றார் ஒருவர்.

"கூப்பிட மாட்டீகன்னுதான் நானே வந்தேன். அவளை நீங்க நீக்குனீக. அவ ஒரு நாளும் ஜெபத்தை விடல. கூட இருந்து பாத்தவ சொல்றேன். அவளை அவ அப்பா பக்கத்துல வைங்க. இதுக்காகக் கடையைக் காலி பண்ணச் சொன்னா, இந்தா பண்ணிட்டேன்."

மேசையில் சாவி விழுந்த சத்தம் கேட்டது. வயதான போதகர்தான் பதில் சொன்னார். "குழி வெட்ட ஆள் சொல்லுங்க."

மறுநாள் அம்மாவை அவர் ஆசைப்பட்ட இடத்தில் வைத்தோம். சாவியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சில கமிட்டிக் குடும்பங்கள் அதன்பின் அவர் கடைப்படி ஏறவில்லை. அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பின்னொரு நாள் கேட்டேன், விடுவார்கள் என்று நம்பித்தான் போனீர்களா என்று.

"இல்லடி. காலு கிடுகிடுன்னு ஆடுச்சு. அவுக விடாட்டியும் ஆண்டவர் என்னையக் கைவிட மாட்டாருன்னு போனேன்."

போன வாரம் அக்காவையும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. கால் நடுங்கும்போதும் உள்ளே போகலாம் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவை நினைத்தால் போய் உட்கார எனக்கு ஓர் இடம் இருக்கிறது. இனி அங்கே போனால் இரண்டு பேரிடமும் அழுதுவிட்டு வர வேண்டும்.