குளிர் அறையும் அக்காவின் முட்டியும்

என் அக்காவின் குரலைக் கேட்காமல் எங்கள் ரயில் நிலையத்தில் யாரும் வண்டி ஏறியதில்லை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று பத்தொன்பது வருடமாக அறிவிப்பு அறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுமை தூக்குபவர்கள் முதல் மேலதிகாரிகள் வரை எல்லோருக்கும் அவள் வண்டியக்கா. நான் அவள் தங்கை; அதே முதல் நடைமேடையில், நாற்பதடி தள்ளி, விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். அவள் சொன்னதைக் காதில் வாங்காதவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். ஆகையால் மனிதர்களைப் பற்றி எனக்கு அவளைவிட மட்டமான அபிப்பிராயம் உண்டு.

அவள் அறை ஒரு கண்ணாடிப் பெட்டி; கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் உள்ளே கேட்காது. ஒலிபெருக்கி இயந்திரங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அவை சூடானால் நின்றுவிடும் என்பதால் ஏசி எப்போதும் பதினெட்டில் ஓடும். ரிமோட்டை மெக்கானிக் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். என் ஜன்னலிலோ மின்விசிறி மனம் வைத்தால்தான் சுற்றும். அம்மா பெற்ற இரண்டில் ஒன்று வெந்துகொண்டிருந்தது, ஒன்று விறைத்துக்கொண்டிருந்தது.

குளிர் முதலில் அவள் விரல் கணுக்களில் ஏறியது. பிறகு முட்டிக்குக் குடிவந்தது, காலி செய்யவே இல்லை. வெளியே வெயிலில் அரை மணி நேரம் நின்றால் வலி இறங்கிவிடும். உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகட்டும், எலும்புக்குள் ஊசி விட்டுக் குடைவது மாதிரி ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் அறை அக்காவின் அறையைவிடக் குளிர். குளிர்ந்த காற்றில் அதிக நேரம் உட்காரக் கூடாது என்று அவர் பொறுமையாக விளக்கி முடிப்பதற்குள் அக்காவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

"அப்ப நான் முதல்ல உங்க ரூமை விட்டுக் கெளம்பணும் டாக்டர். கொஞ்சம் கை குடுங்க," என்றாள்.

அதன்பிறகு நாங்கள் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. மூன்று ஜோடி காலுறை. அதற்கு மேல் அக்கா புருஷனான மாமாவின் கம்பளிப் பேன்ட், இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி. மடியில் சுடுதண்ணீர்ப் பை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை என் கைப்பைக்குள் ஒளித்து எடுத்துப்போய் கேன்டீனில் நிரப்பி வருவது என் வேலை. ஒருநாள் மூடி சரியாக மூடாமல் மொத்தமும் கொட்டிவிட்டது. நல்லவேளை, தண்ணீர் ஆறிப்போயிருந்தது. கெட்டவேளை, பேன்ட் நனைந்துவிட்டது. "முட்டிக்குக் கீழ நான் இருக்கேனான்னு பாத்துச் சொல்லுடி," என்றாள். இருவரும் அடக்க முடியாமல் சிரித்ததில், எட்டிப்பார்த்த சிக்னல்காரர் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சிரிப்புக்கு அடியில் பயமும் இருந்தது. புது மேலாளர் வந்த வாரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். உடல்நலம் குன்றிய ஊழியர்கள் மாடியிலுள்ள பதிவேட்டு அறைக்கு மாற்றப்படுவார்கள். இனி அறிவிப்புகளுக்குப் பதிவு செய்த குரல் போதுமா என்றும் பார்க்கப்படும். அன்று அக்கா சாப்பிடவில்லை. ஒரு நிலையம் முழுக்கப் பேசிப் பழகியவளைப் பழைய காகிதங்களோடு அடைத்துப்போட்டால் என்ன ஆவாள்? முட்டி விஷயம் அவள், நான், மாமா மூவரைத் தாண்டக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மேலாளர் அறிவிப்பை நேரில் கேட்டுப்பார்க்க வந்தார். என் ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி, அவள் அறைக்குப் போகும் வழியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வந்திருப்பது அக்காவுக்குத் தெரியும்; தூண் மறைத்ததால் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. "தெற்கே செல்லும் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்," என்று அவள் முத்து முத்தாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அவள் மைக்குக்குக் காலால் மிதிக்கும் பெடல். மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். அன்று அந்த முட்டி இருந்த இருப்பில், காலை எடுத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள், கால் எடுபடவில்லை. மூன்று காலுறைக்குள் மரத்துக் கிடந்த பாதத்துக்கு அது தெரியவும் இல்லை.

என் மேஜைப் போன் அடித்தது. எடுத்தேன். "போயிட்டானாடி?" என்று அவள் கேட்டது ஒருமுறை என் காதிலும், ஒருமுறை கூரை ஒலிபெருக்கியிலிருந்தும் விழுந்தது.

"அக்கா, மைக்கு..."

"குறுக்க பேசாத. முட்டி உசுரு போகுது. அந்த மேனேஜர் மூஞ்சியைப் பாத்தியா? லேட்டா வர்ற வண்டியெல்லாம் நான் புடிச்சு வெச்சிருக்கிற மாதிரி பாக்குறான். அவன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாதுடி, மாடிக்கு அனுப்பிடுவான். இந்த மைக்கை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

பத்தடி தள்ளிப் பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஓடலாம் என்றால் வழியில் அவரே நிற்கிறார். நான் போனுக்குள் கத்தினேன். அதற்குள் அவள் பக்கத்தில் கட்டுப்பாட்டு அறையின் போன் அடித்து, அவள் என்னை விட்டுவிட்டு அதை எடுத்ததும் கூரை வழியே கேட்டது.

"பயணிகள் கவனிக்கவும். தெற்கே செல்லும் விரைவு வண்டி இரண்டுக்குப் பதிலாக ஐந்தாவது நடைமேடைக்கு வருகிறது. படி ஏற முடியாதவர்கள் பாலத்துப் பக்கம் போக வேண்டாம். தண்ணீர்க் குழாயைத் தாண்டினால் சரிவுப் பாதை இருக்கிறது. மெதுவா வாங்க, வண்டி பத்து நிமிஷம் நிக்கும்." உடனே, மூச்சு விட்டு, "யப்பா. அந்தப் பாலத்துல நான் ஏறியே ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள்.

கைத்தடிகளும் பெரிய பெட்டிகளும் சரிவுப் பாதைப் பக்கம் திரும்பின. ஒரு வயதான அம்மா, யார் என்று தெரியாமலே, மேலாளரிடம் நின்று சொன்னார்: "பாவம், அந்தப் பொண்ணுக்கும் முட்டி வலியாம். அதான் எப்பவும் படி இல்லாத வழியைத் தேடிச் சொல்லுது."

எனக்கு என்ன தைரியம் வந்ததோ. "ஆமா சார், ரெக்கார்டு பண்ணின குரலுக்கு முட்டி கிடையாது," என்றேன்.

அவர் அக்காவின் அறையை நோக்கி நடந்தார். ஜன்னலை மூடிவிட்டு நானும் ஓடினேன். கயிறு கட்டிய கம்பளிப் பேன்ட்டும் மடியில் பையுமாக அக்கா எழப் பார்த்தாள், முடியவில்லை.

"முதல்ல பெடல்ல இருந்து காலை எடுங்கம்மா," என்றார் அவர்.

"எடுத்துட்டேனே சார்," என்றாள் அக்கா, நிலையம் முழுவதற்கும்.

நான் மண்டியிட்டு அவள் பாதத்தைக் கையால் தூக்கி அப்பால் வைத்தேன். திறந்த கதவு வழியே வந்த சிரிப்பைக் கேட்டபோதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. முகத்தை மூடிக்கொண்டாள்.

மேலாளர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஓடிவந்த மெக்கானிக்கிடம் கேட்டார்: "இந்தக் குளிர் யாருக்கு?"

"மிஷினுக்கு சார்."

"அப்ப இவங்க ஏன் இங்க உக்காந்திருக்காங்க?"

மெக்கானிக் யோசித்தார். "மைக்கு இங்கதான சார் இருக்கு."

"அதை வெளிய கொண்டுபோக என்ன வேணும்?"

"நாப்பதடி ஒயர் சார்."

எனக்கு முதலில் மெக்கானிக்கை அடிக்கத் தோன்றியது. அடுத்ததாக என்னையே. டாக்டரிடம் போனோம், ரிமோட்டுக்குக் கெஞ்சினோம், தண்ணீர் சுமந்தோம். மைக்கை நகர்த்தச் சொல்லலாம் என்று எங்கள் இருவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. "மாடியில பேச ஆள் தேவையில்லம்மா, இங்கதான் தேவை," என்று சொல்லிவிட்டுப் போன மேலாளரைப் பற்றி அதற்குப் பிறகு அக்கா மரியாதையாகத்தான் பேசுகிறாள், மைக் மூடியிருக்கும்போதும்கூட.

மறுநாள் மதியம் என் ஜன்னலுக்குள் ஒயர் வந்து சேர்ந்தது. அக்கா என் பக்கத்தில், அந்த வேக்காட்டில், நெற்றி வேர்க்க வேர்க்க உட்கார்ந்து முதல் அறிவிப்பைச் சொன்னாள். சொல்லி முடித்துக் காலை எடுத்தாள். எடுத்த காலைக் குனிந்து பார்த்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கூரையில் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர், அது என்ன சத்தம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன், "எங்க அக்கா காலை எடுக்குறா."